தலையா, கப்பலா? ரோமானிய வெண்கலக் காசுகளைப் பார்க்கப் பழகுவது

காசைச் சுண்டிவிட்டு “பூவா, தலையா?” என்று நாம் கேட்போம். ரோமாபுரிப் பையன்கள் “தலையா, கப்பலா?” என்று கேட்டார்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய மக்ரோபியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கப்பல் போட்ட காசை அடிப்பது நின்று அதற்குள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நம் ரூபாயிலும் ராஜா தலை போய் எத்தனையோ காலம் ஆயிற்று. கேள்வியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அந்தத் தலை ஜானஸ் என்ற தெய்வத்தின் தலை. முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு முகம் அவருக்கு. வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரியவர். ஜனவரி மாதம் அவர் பெயரில்தான். மறுபக்கத்தில் முழுக் கப்பல் இருக்காது. கடற்கரைக்காரர்கள் அணியம் என்கிறார்களே, அந்த முன்பாகம் மட்டும், எதிரிக் கப்பலை இடிக்கும் மூக்கோடு சேர்த்து. இந்தக் காசின் பெயர் ஆஸ். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இது அடித்துச் செய்த காசே இல்லை, உருக்கி வார்த்தது. தொடக்கத்தில் எடை ஏறத்தாழ ஒரு ரோமானிய ராத்தல், அதாவது 320 கிராம் அளவு. பத்துக் காசு எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் மூன்று கிலோ சுமை. பிறகு கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் நடந்த போரில் கஜானா காலியாக, எடை சரிந்துகொண்டே வந்து, வார்ப்பு போய் அச்சடிப்பு வந்தது.

ஆஸுக்குக் கீழே இருந்த சில்லறைகளில் மதிப்பைப் புள்ளியாக வைத்தார்கள். ஒரு புள்ளி என்றால் ஆஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மூன்று புள்ளி கால் ஆஸ். நாலு புள்ளி மூன்றில் ஒரு பங்கு. எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, விரலால் தடவினாலே போதும்.

இந்தப் புள்ளிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமானியச் சில்லறைக் காசு முதலில் பார்க்கிறவனுக்கு, அப்புறம்தான் படிக்கிறவனுக்கு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: ஓரத்தில் உள்ள லத்தீன் எழுத்தில் மாட்டிக்கொண்டு திணறிவிட்டு, பாதியில் விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

வெண்கலம் என்று பெயர், உள்ளே மூன்று உலோகம்

தங்கமும் வெள்ளியும் அல்லாத எல்லா ரோமானியக் காசையும் ‘வெண்கலம்’ என்று ஒரே பெயரில் அழைப்பது சேகரிப்பாளர்கள் வழக்கம். ஆனால் முன்பு சொன்ன வார்ப்புக் காசுதான் உண்மையில் வெண்கலம்; ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 20-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில்லறையை ஒழுங்குபடுத்தியபோது பெரிய காசுகளைப் பித்தளையிலும் சின்னக் காசுகளைச் செம்பிலும் அடித்தார்கள். புதிதாக இருந்தபோது பித்தளைக் காசு பொன்னிறமாக மின்னியிருக்கும். இன்று கண்ணாடிப் பேழைக்குள் கரும்பச்சையாகக் கிடப்பதை வைத்து அதைக் கற்பனை செய்வது கஷ்டம்.

மதிப்பு முறையை நினைவில் வைக்க நம் அணாக் கணக்கு கைகொடுக்கும். 16 அணா ஒரு ரூபாய்; 16 ஆஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். காலணா போல அங்கே கால் ஆஸ், பெயர் குவாட்ரன்ஸ். இரண்டு ஆஸ் சேர்ந்தால் துபோண்டியஸ், நாலு ஆஸ் சேர்ந்தால் செஸ்டெர்டியஸ். 25 டெனாரியஸ் ஒரு பொற்காசு. பதினாறு என்ற எண் இரண்டிலும் வந்தது தற்செயல்தான், ஆனால் மறக்காது.

என்ன வாங்கலாம்? இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்தில் ஒரு மதுக்கடைச் சுவரில் விலை எழுதியிருந்தது: ஒரு ஆஸுக்குச் சாதாரண மது, இரண்டு கொடுத்தால் கொஞ்சம் நல்லது, நாலு கொடுத்தால் உயர்ந்த ரக ஃபலேர்னிய மது. பொதுக் குளியல் கூடத்துக்கு ஒரு குவாட்ரன்ஸ். அகஸ்டஸ் காலத்துப் படைவீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்டியஸ். பொற்காசைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்து முடித்த ரோமானியர்கள் ஏராளம் இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் தினமும் புரண்டது இந்தச் செம்பும் பித்தளையும்தான்.

களிம்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செம்பில் களிம்பு போல உயிரில் ஆணவம் என்று சைவ சித்தாந்தம் பேசும். அங்கே களிம்பு நீங்க வேண்டிய ஒன்று. காசு உலகத்தில் நேர்மாறு. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து படிந்த, வழவழப்பான, கெட்டியான பச்சைப் படலம்தான் காசின் தோல். முகத்தின் மூக்கு, காது, தலைமுடி எல்லாம் அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கும். எனக்கு முதலில் கிடைத்த காசைக் குத்துவிளக்குத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் பளபளவென்று ஒரு வில்லை கிடைத்தது. அதில் தலையும் இல்லை, கப்பலும் இல்லை. வெளிர்ப்பச்சையாக, தொட்டால் மாவு போல உதிரும் பூச்சு இருந்தால் மட்டும் அது நோய். உப்பின் குளோரைடு உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்கிறது. அப்படிப்பட்டதை மற்றக் காசுகளோடு சேர்க்காமல் தனியாக, ஈரம் படாமல் வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

காசு செய்த விதம் எளிது. எழுத்தையும் உருவத்தையும் இடவலம் மாற்றிக் குடைந்த இரண்டு அச்சு. முன்பக்க அச்சு அடைகல்லில் பதிந்திருக்கும். அதன்மேல் வில்லையை வைத்து, பின்பக்க அச்சை ஒருவன் மேலே பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். கை அசைந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், சில நேரம் பேரரசரின் நெற்றியே காணாமல் போகும். எந்த இரண்டு காசும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ரோம் நகரத்தின் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம், முதலில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருந்தது. பணத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் ‘மணி’ என்ற சொல் அந்த மொனேட்டாவிலிருந்து வந்ததுதான்.

முன்பக்கம்: முகமும் மெய்க்கீர்த்தியும்

பேரரசுக் காலக் காசில் முன்பக்கம் அநேகமாக அரசர் தலை, பக்கவாட்டில். இதில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, மாற்றத்தை. நீரோ சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தபோது அடித்த காசையும் பத்தாண்டு கழித்து அடித்த காசையும் பக்கத்தில் வையுங்கள்; கழுத்து பருத்து, தாடை தொங்கி, ஆள் எப்படி ஊதிப்போனார் என்று அச்சு செதுக்கியவன் ஒளிக்கவே இல்லை. வெஸ்பாசியன் வழுக்கைத் தலையும் சுருங்கிய நெற்றியுமாக, நம்மூர்ப் பழைய நாட்டாமை போல இருப்பார். தன்னை அப்படிக் காட்டுவதில் அவருக்கு ஒரு கணக்கும் இருந்தது. நீரோவின் ஆடம்பரத்துக்குப் பின் வந்தவர் அல்லவா, முகத்திலேயே சிக்கனம் தெரிய வேண்டும்.

தலையில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இலை மாலை என்றால் வழக்கமான காசு. சூரியக் கதிர் போலக் கூர் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் முடி என்றால், நீரோ காலம் தொட்டு, பெரும்பாலும் அது துபோண்டியஸ். களிம்பு மூடிய பிறகு பித்தளையா செம்பா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆஸும் துபோண்டியஸும் ஏறத்தாழ ஒரே அளவு. அப்போது இந்தக் கதிர்முடிதான் துப்பு. (3-ஆம் நூற்றாண்டில் இன்னொரு காசும் கதிர்முடி வைத்துக்கொண்டு வந்து குழப்பும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

சுற்றி ஓடும் எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோழர் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு இது பழகின சங்கதி: பட்டங்களின் வரிசை, கூடவே ஆட்சியாண்டு. சொற்களுக்கு நடுவே பெரும்பாலும் இடைவெளி இருக்காது, எல்லாம் சுருக்கெழுத்து. வெஸ்பாசியனின் ஒரு செஸ்டெர்டியஸில் இப்படி வரும்: இம்ப், கேஸ், வெஸ்பாசியன், ஆக், பி எம், டிஆர் பி, பி பி, காஸ் 3. படைத்தலைவர், சீசர், பெயர், அகஸ்டஸ், தலைமைப் பூசாரி, மக்கள் மன்றத்தாரின் அதிகாரம் உடையவர், தேசத்தந்தை, மூன்றாம் முறை கான்சல் (ஓராண்டுத் தலைமைப் பதவி). அவர் மூன்றாம் முறை கான்சலாக இருந்தது கி.பி. 71-இல். ஆகவே காசின் வயது ஒரே எண்ணில் கிடைத்துவிட்டது. டிஆர் பி என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அதிகாரம். அதன்பின் எண் போட்டிருந்தால் யாண்டு எத்தனையாவது என்று சொல்லிவிடலாம்.

பின்பக்கத்தில் எஸ், சி என்று இரண்டு எழுத்து பெரிதாக இருந்தால், ‘செனட்டின் (ரோமின் மூத்தோர் அவையின்) ஆணைப்படி’ என்று பொருள். அகஸ்டஸ் சீர்திருத்தத்திலிருந்து 3-ஆம் நூற்றாண்டு வரை ரோமின் செம்பு, பித்தளைக் காசுகளில் இது இருந்துகொண்டே இருக்கும். செனட்டுக்கு உண்மையில் எவ்வளவு சொல்வாக்கு இருந்தது என்பது ஆய்வாளர்கள் இன்னும் வாதிடும் விஷயம்.

பின்பக்கம்: கையில் என்ன இருக்கிறது?

பின்பக்கம்தான் என் கட்சி. திரும்பத் திரும்ப ஒரு பெண் நிற்பாள், நீண்ட ஆடை, கொண்டை. நூறு காசு பார்த்தால் அறுபதில் அவள் இருப்பாள் என்று தோன்றும். யார் இவள்? முகத்தைப் பார்த்தால் தெரியாது. கோயில் தூணில் சிற்பம் பார்க்கும்போது நாம் செய்வதைச் செய்ய வேண்டும். வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி, கையைப் பார்.

தராசு இருந்தால் ஏக்விட்டாஸ், நேர்மை. அதே தராசோடு அக்கசாலைத் தெய்வம் மொனேட்டாவும் வருவாள். கப்பல் சுக்கான் இருந்தால் ஃபார்ச்சூனா, விதியைத் திருப்புகிறவள். ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. சிறகு இருந்தால் சந்தேகமே வேண்டாம், விக்டோரியா, வெற்றி. கூம்புத் தொப்பி ஒன்றைக் கையில் நீட்டிக்கொண்டிருந்தால் லிபர்ட்டாஸ்; விடுதலை பெற்ற அடிமை போட்டுக்கொள்ளும் தொப்பி அது. ஒரு கையில் பூமொட்டு, மறு கையால் பாவாடையின் ஓரத்தைச் சற்றே தூக்கி நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. ஒரு தட்டிலிருந்து பாம்புக்கு ஊட்டினால் சாலுஸ், உடல்நலம் (புற்றுக்குப் பால் ஊற்றும் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது). தூணில் சாய்ந்து, கவலையில்லாமல் நின்றால் செக்யூரிட்டாஸ். பழம் வழியும் கொம்பு ஒன்று பாதிப் பேர் கையில் இருக்கும், செழிப்பின் அடையாளம். அதை மட்டும் வைத்து யாரையும் தீர்மானிக்காதீர்கள்.

இவர்களில் எனக்குப் பிடித்தவள் அன்னோனா. கோதுமைக் கதிரும், காலடியில் மரக்கால் போன்ற தானிய அளவியுமாக நிற்பாள். வெறும் கருத்துருவம் இல்லை, ரோம் நகரத்தின் தானிய விநியோகமே அவள். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் வராவிட்டால் நகரம் பசியில் கொதிக்கும், அரசர் தலை உருளும். நீரோவின் ஒரு செஸ்டெர்டியஸில் தானியத் தெய்வம் சீரிஸ் உட்கார்ந்திருக்க, எதிரே அன்னோனா நிற்க, நடுவில் பலிபீடத்தின் மேல் மரக்கால், பின்னால் ஒரு கப்பலின் பின்பாகம். ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லாத பித்தளையில் ‘ரேஷன் ஒழுங்காக வரும்’ என்ற வாக்குறுதி.

வாக்குறுதி என்று சொன்னேன், சாட்சி என்று சொல்லவில்லை. கான்கார்டியா, அதாவது ஒற்றுமை, காசில் வரும்போது வீட்டுக்குள் சண்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கராகல்லாவும் கெட்டாவும் அண்ணன் தம்பி, இருவரும் சேர்ந்தே பேரரசர்கள். இவர்கள் பெயரில் ஒற்றுமைக் காசு வந்தது. 211 டிசம்பரில் அண்ணன் தம்பியைக் கொல்ல வைத்தான்.

சில காசுகள், கிட்டத்தில்

பொதுவான தெய்வங்களை விட்டு, நடந்த சங்கதியைக் காட்டும் காசுகளுக்கு வருவோம். ருசி இங்கேதான்.

கலிகுலாவின் செஸ்டெர்டியஸ், கி.பி. 37-38. பின்பக்கத்தில் மூன்று பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையைப் பார்க்கும் பாடத்தை இதில் சோதிக்கலாம். ஒருத்தி தூணில் சாய்ந்திருக்கிறாள், செக்யூரிட்டாஸ். நடுவில் இருப்பவள் கையில் படையல் தட்டு, கான்கார்டியா. மூன்றாமவள் சுக்கானோடு, ஃபார்ச்சூனா. ஆனால் ஓரத்தில் எழுதியிருப்பது தெய்வப் பெயர் இல்லை: அக்ரிப்பினா, ட்ருசில்லா, ஜூலியா. மூவரும் அரசரின் உடன்பிறந்த தங்கைகள்! உயிரோடிருக்கும் பெண்களைப் பெயர் சொல்லித் தெய்வக் கோலத்தில் நிறுத்திய காசு ரோமில் அதற்கு முன் இல்லை. ட்ருசில்லா 38-இல் இறந்தாள். அடுத்த ஆண்டே மற்ற இருவரையும் சதி செய்தார்கள் என்று அண்ணன் நாடு கடத்தினான். காசு மட்டும் தங்கைப் பாசத்தோடு சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தது.

பேரரசர் நெர்வாவின் காசு ஒன்றின் பின்பக்கத்தில் அரசரும் இல்லை, தெய்வமும் இல்லை. இரண்டு கோவேறு கழுதைகள் மேய்கின்றன. பின்னால் நுகத்தடி மேல்நோக்கிக் கிடக்கும் வண்டி. அவ்வளவுதான் படம். அரசாங்கத் தபாலுக்கும் அதிகாரிகளின் பயணத்துக்கும் வண்டி மாடு கொடுக்கும் சுமையிலிருந்து இத்தாலி மக்களை நெர்வா 97-இல் விடுவித்தார். அதற்கான அறிவிப்பு இது. அதிகாரி ஊருக்கு வந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போன அனுபவம் உள்ள விவசாயிக்கு, அவிழ்த்துவிட்ட கழுதை மேய்வதைவிட வேறு என்ன விளக்கம் வேண்டும்?

அடுத்தது ஹேட்ரியன். இதற்குத் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: தள்ளுபடி. அவர் பட்டத்துக்கு வந்ததும், 118-இல், அரசுக்கு மக்கள் வைத்திருந்த பழைய பாக்கியை ரத்து செய்து, கடன் பத்திரங்களை டிராஜன் சதுக்கத்தில் குவித்து எரித்தார். காசில் கையில் கோல்கட்டு ஏந்திய அரசுச் சேவகன் ஒருவன் பத்திரக் குவியலில் தீப்பந்தத்தை வைக்கிறான். சில அச்சுகளில் எதிரே குடிமக்கள் நின்று கையை உயர்த்துகிறார்கள். சுற்றியுள்ள எழுத்தில் தொகையே இருக்கிறது: 90 கோடி செஸ்டெர்டியஸ். ஒரு காசின் மேல் அந்தக் காசில் எத்தனை கோடி என்று எழுதியிருப்பது எனக்கு இன்னும் சிரிப்பு வரவைக்கும் சங்கதி.

டைட்டஸ் 80-81-இல் கொலோசியத்தையே செஸ்டெர்டியஸில் ஏற்றினார், பறவைப் பார்வையில், உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டம் புள்ளி புள்ளியாகத் தெரிய. நீரோ ஆஸ்டியா துறைமுகத்தை மேலிருந்து பார்ப்பது போலக் கப்பல்களோடு காட்டினார். அழகில் இவற்றை மிஞ்சக் காசு குறைவு, ஆகவே விலையும் அதிகம்.

சிரித்துக்கொண்டே கடந்துபோக முடியாத காசு வெஸ்பாசியனுடையது. மேலே எழுத்துப் படித்தோமே, அதே 71-ஆம் ஆண்டு வகை. நடுவில் பேரீச்ச மரம். அடியில் ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் படைக்கோலத்தில் அரசர் அல்லது கைகட்டப்பட்ட கைதி. ‘யூதேயா பிடிபட்டது’ என்று எழுத்து. யூதேயா யூதர்களின் நாடு; அவர்களுடைய எருசலேம் கோயில் ரோமானியப் படையால் எரிந்தது அதற்கு முந்தின ஆண்டுதான். தோற்ற நாட்டை அழும் பெண்ணாகக் காட்டுவது ரோமானியர்களுக்குப் பழக்கம். அந்தக் காசையே வரியாகவும் கூலியாகவும் கையில் வாங்க வேண்டியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அறுபது ஆண்டு கழித்து, 132-இல் பார் கோக்பாவின் தலைமையில் யூதர்கள் மறுபடி எழுந்தபோது, ரோமானியக் காசுகளை எடுத்து, அரசர் முகத்தை அரத்தால் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். அவர்கள் அடித்த வெண்கலக் காசில் பேரீச்ச மரம் இருக்கிறது. அதன் அடியில் அழும் பெண் இல்லை.

முகத்தைத் தேய்ப்பது ரோமானியர்களுக்குள்ளேயும் நடந்தது. கலிகுலா கொல்லப்பட்ட பிறகு அவன் தலை போட்ட வெண்கலக் காசுகளை உருக்கச் சொல்லி 43-இல் செனட் உத்தரவிட்டது என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். உருக்கின உலோகத்தில் அடுத்த அரசரின் மனைவி மெஸ்ஸலினா ஒரு நடிகருக்குச் சிலை வைத்தாள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். நடிகருக்குச் சிலை என்பதற்காக நாம் அவளைக் குறை சொல்ல முடியாது. கெட்டா கதைக்கு இன்னும் நேரான சாட்சி உண்டு. இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த ஸ்ட்ராட்டோனிகேயா நகரம் அண்ணன் தம்பி இருவரும் எதிரெதிரே பார்க்கும்படி பெரிய வெண்கலக் காசு அடித்திருந்தது. கொலைக்குப் பிறகு அவற்றில் தம்பியின் தலையைச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது கராகல்லா வெற்று உலோகத்தை முறைத்துக்கொண்டிருக்கிறான்.

காசு சிறுத்த கதை

நல்ல செஸ்டெர்டியஸ் 25 கிராம் இருக்கும், அகலம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல். செதுக்குகிறவனுக்கு விளையாட இடம் இருந்தது. 3-ஆம் நூற்றாண்டில் போர், விலைவாசி, மாறி மாறி அரசர்கள். வெள்ளிக் காசில் வெள்ளி கரைந்து, கதிர்முடி போட்ட அந்தக் குழப்பக்காரக் காசு (முன்பு ஒத்திவைத்தோமே) கடைசியில் மேலே வெள்ளிப் பூச்சு மட்டும் உள்ள வெண்கலமாகிவிட்டது. பெரிய பித்தளைக் காசு மறைந்தது. டயோக்ளீஷியன் 294-ஐ ஒட்டிப் புதுக் காசு கொண்டுவந்தார், பத்து கிராம். அதுவும் அடுத்த நாற்பது ஆண்டுச் சொச்சத்தில் இளைத்து இளைத்து இரண்டு கிராமுக்குக் கீழே போயிற்று. இடம் சுருங்கியதும் படமும் சுருங்கியது: கான்ஸ்டன்டைன் காலத்தில் இரண்டு சிப்பாய், நடுவில் இரண்டு கொடிக்கம்பம், பிறகு வில்லை இன்னும் சிறுக்க, இரண்டு சிப்பாய்க்கு ஒரே கொடிக்கம்பம். ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் சின்னக் காசும் அப்போது வந்ததுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலருக்கு முதல் காசு அதுவாகவே அமையும், அவ்வளவு ஏராளமாக அடித்தார்கள்.

என்னிடம் இருப்பது அதைவிடச் சாதாரணமானது. கட்டைவிரல் நக அகலம். முன்பக்கம் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், தலையில் முத்துப் பட்டை, மூக்கு தேய்ந்து போயிருக்கிறது. பின்பக்கம் முதலில் பார்த்தபோது நண்டு ஒன்று காலைப் பரப்பியிருப்பது போலத் தெரிந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தேன். ஒரு சிப்பாய் நிற்கிறான், இடக்கையில் கேடயம். வலக்கை ஈட்டியைக் கீழே குத்துகிறது. நண்டின் கால் என்று நினைத்தது குதிரையின் கால், மடங்கி விழுந்துகொண்டிருக்கிறது. அதன் மேலிருந்தவன் திரும்பி, ஒரு கையைச் சிப்பாயை நோக்கி நீட்டுகிறான், வேண்டாம் என்பது போல. சுற்றி எழுதியிருப்பது ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’. நல்ல காலம் மீண்டு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். விடிகாலையில் குடுகுடுப்பைக்காரர் வாசலில் வந்து “நல்ல காலம் பொறக்குது” என்பாரே, அதே வாசகம்தான். இவர் அதை ஈட்டியால் குத்திக்கொண்டே சொல்கிறார். 348-இல் தொடங்கிய இந்த வரிசை பேரரசு முழுவதும் பல அக்கசாலைகளில் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. படத்துக்குக் கீழே கோடு போட்டு நாலைந்து எழுத்து இருந்தால் எந்த ஊர் அக்கசாலை என்று தெரியும். என் காசில் அந்த இடம் வில்லைக்கு வெளியே போய்விட்டது.

வாங்கும் ஆசை வந்தவர்களுக்குச் சுருக்கமாக: விளிம்பைப் பாருங்கள். அடித்த காசின் விளிம்பில் வார்ப்புக்கோடு ஓடாது. எழுத்தின் ஓரம் சோப்பு போல மழுங்கி, பரப்பில் குண்டூசி முனை அளவு குழிகள் இருந்தால் வார்த்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் நூறாண்டு தாண்டிய காசு தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மண்ணில் கிடைப்பது நம் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. முதல் நூற்றாண்டில் இங்கே வந்தது பொன்னும் வெள்ளியும். அகநானூற்றில் யவனரின் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த குவியலில் 501 ரோமானியப் பொற்காசு. பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. அன்று செஸ்டெர்டியஸ் இங்கே ஏன் குவியவில்லை என்பதற்குப் பதில் எளிது: ரோமின் ஆணை செல்லுபடியாகாத ஊரில் பித்தளைக் காசு வெறும் பித்தளை, எடைக்குத்தான் போகும்.

ஆனால் 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் கதை மாறுகிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், இலங்கையில் இன்னும் பெரும் எண்ணிக்கையிலும் கிடைப்பவை கடைசிக் காலத்துச் சின்னஞ்சிறு வெண்கலக் காசுகள், ஒன்றிரண்டு கிராம் எடை. நன்றாகத் தேய்ந்திருக்கின்றன. இங்கே கைமாறியிருக்கின்றன. போதாமல் போனபோது உள்ளூரிலேயே அதைப் பார்த்து அடித்துக்கொண்டார்கள்; இலங்கையில் அப்படிப்பட்ட உள்ளூர்ப் பிரதிகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. அவற்றில் தலை இருக்கும், கண் ஒரு பெரிய புள்ளி. பின்பக்கம் குச்சி குச்சியாக உருவங்கள் நிற்கும், சிலவற்றில் சிலுவை. சுற்றிவர லத்தீன் எழுத்து இருந்த இடத்தில் கோடு, புள்ளி, மறுபடி கோடு.